ஆமோஸ் லார்வுட் திருடிய தொட்டி

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எங்க கொள்ளுத்தாத்தா திருடன் இல்லன்னு நிரூபிக்கணும். முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. பதினொன்னே காலுக்குத் திரும்பிப் போற பஸ் இருக்கு."

கதவைத் திறந்த வில்ஃப் கேட்ச்போல் அப்படியே நின்றுவிட்டார். வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் இருந்த துணிப்பையை யாரோ பிடுங்க வருவதுபோல மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"உள்ள வாங்க. விஷயத்தைக் கேக்காம எப்படிச் சொல்றது?" என்ற குரல் உள்ளேயிருந்து வந்தது.

டார்கஸ் காட்ஸின் குரல். இருபது வருடம் பழைய தேவாலயங்களின் கல்வேலை பார்த்தவள். இப்போது அந்தத் தேவாலயங்களில் திருட்டுப் போவதைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். கூரை ஈயம், வெண்கல மணி, பித்தளைத் தகடு என்று இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் எது காணாமல் போனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வில்ஃப் ஓய்வு பெற்ற பிளம்பர். மூன்று வருடத்துக்கு முன் அவள் வீட்டுக் குழாயைச் சரி செய்ய வந்தவர், அன்று நடந்துகொண்டிருந்த வழக்கு முடியும்வரை போக மறுத்தார். அதற்குப் பிறகும் போகவில்லை.

வந்தவள் பெயர் ஹெட்டி லார்வுட். மார்ல்பி கிராமத்துத் தேவாலயத்தின் கோவில்பிள்ளை. மணி அடிப்பது, பெருக்குவது, கல்லறைக்குக் குழி வெட்டுவது, எல்லாம் அவள்தான். ஆறு தலைமுறையாக அவள் குடும்பத்துக்கு அதே வேலை; தேவாலயத்தை ஒட்டி அதே வீடு.

"அந்த வீடுதான் இப்போ போகப்போகுது," என்றாள் ஹெட்டி. "வீட்டைக் குடுத்தது ஓல்ட்ரிங் ஜமீன். பத்திரத்துல ஒரு வரி இருக்கு. லார்வுட் வம்சத்துல எவனாவது கோவில் பொருளைத் திருடினான்னு நிரூபணம் ஆனா, வீடு திரும்ப ஜமீனுக்கே போயிடும். எங்க கொள்ளுத்தாத்தா ஆமோஸ் காலத்துல கோவில்ல இருந்த ஞானஸ்நானத் தொட்டி காணாமப் போச்சு. அறுநூறு வருஷத்துக் கல்தொட்டி. அவர்தான் வித்துட்டார்னு ஊரே பேசிச்சு. ஆனா ஆதாரம் கெடையாது. நூத்தம்பது வருஷமா வெறும் பேச்சு."

"இப்போ ஆதாரம் கெடைச்சிருச்சு," என்றாள் டார்கஸ்.

"எங்க வீட்டுப் பின்னாடியே கெடைச்சிருக்கு! ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ரெண்டு வாரம் எங்க அக்கா வீட்ல கெடந்தேன். திரும்பி வந்தா, சர் பியர்ஸ் ஓல்ட்ரிங் கோவில் கமிட்டிக்குப் புகார் எழுதியிருக்கார். அவரோட நாய் ஓடிப்போச்சாம், தேடிக்கிட்டு எங்க பழைய பன்னிக்கொட்டகைப் பக்கம் வந்தாராம், செடிக்குள்ள தொட்டி கெடந்துச்சாம். லார்வுட் வீட்டுப் பன்னிங்க தலைமுறை தலைமுறையா அதுலதான் தண்ணி குடிச்சதாம்."

"துரைக்கு உங்க வீடு எதுக்கு? அவர் வீட்ல முப்பது ரூம் இருக்குமே," என்றார் வில்ஃப்.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற அவர் வயல்ல நாப்பது வீடு கட்ட அனுமதி வாங்கிட்டார். ரோடு போடத்தான் இடமில்ல. நடுவுல நான் நிக்கிறேன். இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கமிட்டி கூடி முடிவு பண்ணுது."

டார்கஸ் எழுந்து கோட்டை எடுத்தாள். "பஸ்ஸெல்லாம் வேணாம். வில்ஃப் வண்டியில போகலாம்."

*

பன்றிக்கொட்டகைக்கு ஓட்டுக் கூரை பாதிதான் மிச்சம் இருந்தது. ஹெட்டியின் அப்பா காலத்திலேயே பன்றி வளர்ப்பதை நிறுத்திவிட்டார்களாம். இடுப்பளவு காஞ்சொறிச் செடி. அதன் நடுவே, திறந்த வெளியில், எட்டுப் பக்கமுள்ள சாம்பல் நிறக் கல்தொட்டி. ஒவ்வொரு பக்கத்திலும் ஆழமில்லாமல் செதுக்கிய இரண்டு வளைவுகள்.

டார்கஸ் மண்டியிட்டு விளிம்பைத் தடவினாள். எதிரெதிரே இரண்டு இடத்தில் கல் உடைந்திருந்தது.

"உண்மையான தொட்டிதான்," என்றாள். "ஞானஸ்நானத் தண்ணியை மந்திரவாதத்துக்குத் திருடிட்டுப் போறாங்கன்னு அந்தக் காலத்துல மூடி போட்டுப் பூட்டி வைப்பாங்க. பூட்டு மாட்டின இரும்பைப் பிடுங்கின தடம் இது. எந்தப் பன்னித்தொட்டிக்கும் பூட்டு கெடையாது."

ஹெட்டியின் முகம் செத்துப்போனது. "அப்போ... அவர் திருடினது நெசந்தானா?"

"நான் அப்படிச் சொல்லலையே. ராத்திரி இங்க மழை பெஞ்சுதா?"

"கொட்டித் தீர்த்துச்சு."

டார்கஸ் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஈரம் மட்டும் இருந்தது. "ஒரு வாளி தண்ணி கொண்டு வாங்க."

பாசியைக் கழுவப் போகிறாள் என்றுதான் வில்ஃப் நினைத்தார். அவள் ஒரே மூச்சில் முழு வாளியையும் கொட்டினாள். தண்ணீர் சுழன்று நடுவிலிருந்த துளைக்குள் இறங்கிப் போனது.

"ஒன்றரை இஞ்ச் ஓட்டை," என்றார் வில்ஃப், தொழில் பெருமையோடு. "என்னமா இழுக்குது பாரு! அந்தக் காலத்து வேலை. எங்கயும் அடைப்பே இல்ல."

டார்கஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு துளைக்குள் விரலை விட்டுச் சுரண்டினாள். வெளியே வந்தவை நாலைந்து மெல்லிய வேர்களும், கொஞ்சம் கறுப்பு மண்ணும், அதில் அரிசி நொய் மாதிரி வெள்ளைக் குருணையும். சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும் என்று வில்ஃப் முடிவு கட்டினார். டார்கஸ் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"ஹெட்டி, ஒரு கேள்வி. தொட்டி காணாமப் போனப்புறம் அன்னைக்கு இருந்த குருவானவர் உங்க கொள்ளுத்தாத்தாவை வேலையை விட்டு அனுப்பிட்டாரா?"

"இல்ல. சாகிற வரைக்கும், இருபத்திரெண்டு வருஷம், அவர்தான் கோவில்பிள்ளை."

"திருடன் கையில எந்தக் குருவானவராவது கோவில் சாவியைக் குடுப்பாரா? ஊர் பேசினப்போ அவர் வாயைத் திறக்கலையா?"

"திறக்கல." ஹெட்டி துணிப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அந்தப் பையில என்ன இருக்குன்னு சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சம்."

 ஹெட்டி தோல் அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அது ஆமோஸின் குழி நோட்டு. வெட்டிய ஒவ்வொரு கல்லறைக் குழிக்கும் ஒரு வரி: தேதி, கல்லறைத் தோட்டத்தில் எத்தனையாவது வரிசை, நீளம், அகலம், ஆழம், இறந்தவர் பெயர். ஒழுங்கான கையெழுத்து. ஹெட்டி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

*1868 மார்ச் 9. மணிக்கூண்டின் கீழ். நாலடி நீளம், நாலடி அகலம், ஐந்தடி ஆழம். பெயர் இல்லை. குருவானவர் கிரெஸ்வெல் கூட நின்றார். சீமாட்டிக்குத் தெரியக்கூடாது என்றார். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.*

"ஜமீன் வீட்டுப் புள்ளை யாருக்கோ வேலைக்காரிகிட்டப் பொறந்த சிசு. உசிரோட இருந்துச்சோ இல்லையோ, அதைத்தான் பொதைச்சிருக்காருன்னு எங்க அப்பா சொல்வார். இந்த நோட்டை யார்கிட்டயும் காட்டாதேன்னு சொல்லிட்டுத்தான் செத்தார். திருடன்னு பேர் வாங்கினது போதாதா? கொலைகாரன்னும் வாங்கணுமா?"

டார்கஸ் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். "இப்போ கோவில்ல இருக்கிற தொட்டி எங்க நிக்குது?"

"பளிங்குத் தொட்டியா? மணிக்கூண்டுக்கு அடியில, மேற்கு வாசல் பக்கம். மூணு படி உசரமான மேடை மேல. எங்க குருவானவர் பிரிஜெட்டம்மா நல்ல உயரம்தான், அவங்களே புள்ளையை வச்சுக்கிட்டு ஸ்டூல்ல ஏற வேண்டியிருக்கு. எந்த மடையன் கட்டினானோ!"

"மடையன் இல்ல," என்றாள் டார்கஸ். "வில்ஃப், சாக்கடைக்குள்ள விடுற கேமரா வண்டியில இருக்கா?"

"அது இல்லாம நான் எங்க போனேன்?"

"நல்லது. முதல்ல துரையைப் பார்த்துட்டு வருவோம்."

*

சர் பியர்ஸ் ஓல்ட்ரிங் அவர்களை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. தோட்டத்தைப் பார்த்த கல் தளத்தில் வைத்தே பேசினார். தோட்டத்துக்கு அப்பால், அவருடைய வயலில், இடிந்துபோன ஒரு பழைய கோவிலின் சுவர் தெரிந்தது. மரியாதையான குரல்தான். ஆனால் பூட்ஸில் சேறு இருக்கிறதா என்று கண் மட்டும் கீழே போய்ப் போய் வந்தது.

"அந்தம்மா மேல எனக்குப் பரிதாபம்தான். கமிட்டிக்கு உதவியா இருக்கட்டுமேன்னு என் டிராக்டரை அனுப்பியிருக்கேன். அஞ்சு மணிக்குள்ள தொட்டியைக் கோவில்ல எறக்கிடுவாங்க. பத்து நிமிஷ வேலை."

"நிஜமாவே பன்னிங்க அதுல தண்ணி குடிச்சிருக்கும்னு நினைக்கிறீங்களா, சர் பியர்ஸ்?"

"நினைக்கிறதென்ன? புகார்ல கையெழுத்துப் போட்டே குடுத்திருக்கேன். நூத்தம்பது வருஷம்! புனிதமான ஒரு பொருளை... சே!"

வில்ஃப் பொறுமையில்லாமல் சுற்றிலும் பார்த்தார். தளத்தின் ஓரமாக வரிசையாகப் பழைய கல்சாடிகள். எல்லாவற்றிலும் லாவெண்டர் செடி. கடைசிச் செடி மட்டும் புத்தம் புதிய மண்தொட்டியில் இருந்தது. அதன் அடியில் பாசி படிந்த கருங்கல் தளத்தில், மண்தொட்டியைவிட அகலமாக, எட்டு மூலையோடு ஒரு வெளிறிய தடம். ஏதோ மேஜை கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"நல்ல செடி," என்றாள் டார்கஸ்.

"எங்கம்மா வச்சது. வேர் இறுகிப்போச்சுன்னு தோட்டக்காரன் போன மாசம் தொட்டி மாத்தினான்."

வண்டியில் ஏறியதும் வில்ஃப் வெடித்தார். "ஒண்ணுமே கேக்கலையே அந்த ஆள்கிட்ட! மணி நாலாகப்போகுது!"

"கேக்க வேண்டியதைவிட அதிகமாவே சொல்லிட்டார்," என்றாள் டார்கஸ்.

*

ஐந்து மணிக்குத் தேவாலயத்தில் ஊரே இருந்தது. முன்வரிசையில் கமிட்டி ஆறு பேர், அவர்களோடு சர் பியர்ஸ். பின்வரிசைகளில் மற்றவர்கள். அந்தக் காலத்தில் ஜமீன் முன்னாலும் கூலிக்காரர்கள் பின்னாலும் உட்காருவார்களாம். இப்போது யாரும் சொல்வதில்லை, அப்படியேதான் உட்காருகிறார்கள். நடைபாதையில் கல்தொட்டி மரக்கட்டைகள் மேல் நின்றது. ஹெட்டி ஒரு தூணோரம் தனியாக நின்றாள். பக்கத்தில் உட்கார யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

குருவானவர் பிரிஜெட் புகாரைப் படித்து முடித்தார். "குருவானவர்ங்கிறதுக்காகச் சொல்லல, எனக்கு இது பிடிக்கவே இல்ல. ஆனா பத்திரத்துல எழுதியிருக்கு. யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

"சொல்றதுக்கு முன்னாடி ஒரு வாளி தண்ணி ஊத்திக்கலாமா?" என்று கேட்டாள் டார்கஸ்.

யார் சம்மதத்துக்கும் அவள் காத்திருக்கவில்லை. வாளியைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள். அடுத்த நொடி துளை வழியாகத் தண்ணீர் கொட்டி, கல் தரையில் ஓடி, முன்வரிசைக்குப் போய், சர் பியர்ஸின் காலணியை நனைத்தது. அவர் துள்ளிக் காலைத் தூக்கினார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஞானஸ்நானத் தண்ணியை வாரிக் கொட்டக்கூடாது, அது மண்ணுக்குள்ள போகணும். அதுக்காகத்தான் இந்த மாதிரித் தொட்டிக்கெல்லாம் அடியில ஓட்டை வச்சாங்க," என்றாள் டார்கஸ் நிதானமாக. "சரி. இதைத் திருடிட்டு வந்து பன்னிக்குத் தண்ணி வைக்கணும். முதல்ல என்ன செய்வீங்க?"

"ஓட்டையை அடைப்போம்!" என்று பின்வரிசையில் ஒரு கிழவர் கத்தினார். "இல்லன்னா பன்னி எதைக் குடிக்கும்?"

"ஈயம், சிமெண்ட், ஒரு மரக்கட்டை, ஏதாவது ஒண்ணு. ஆனா இந்த ஓட்டையில எதையும் வச்சு அடைச்ச தடமே இல்ல. லார்வுட் வீட்டுப் பன்னி ஒரு நாள்கூட இதுல தண்ணி குடிச்சதில்ல. தொட்டிக்கு ஒரு வாளி தண்ணியாவது தன் கையால ஊத்தின யாரும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. தண்ணி ஊத்துறதுக்கு ஆள் வச்சிருக்கிறவர்தான் பண்ணுவார்."

வில்ஃபுக்குக் காது சுட்டது. முப்பது வருடம் ஓட்டை அடைத்தவர் அவர். அந்தத் துளையைப் பார்த்து, எங்கேயும் அடைப்பே இல்லை என்று பாராட்டுப் பத்திரம் வேறு வாசித்திருக்கிறார்.

சர் பியர்ஸ் எழுந்தார். "உபயோகிக்காம ஒளிச்சு வச்சிருக்கலாமே."

"வச்சிருக்கலாம். ஆனா உபயோகத்துல இருந்திருக்கு. ஓட்டை திறந்தே இருக்கவேண்டிய ஒரு உபயோகம்." டார்கஸ் கைக்குட்டையைப் பிரித்தாள். "ஓட்டைக்குள்ள இருந்து எடுத்தேன். செடி வேர். இதோ, குருவானவரே, மோந்து பாருங்க."

பிரிஜெட் முகர்ந்தார். "லாவெண்டர்."

"இந்த வெள்ளைக் குருணை, கடையில மூட்டையில விக்கிற பூந்தொட்டி மண்ணுல கலக்கிறது. ஆமோஸ் காலத்துல அது கெடையாது. இது பன்னித்தொட்டி இல்ல, பூந்தொட்டி. தண்ணி வடியலன்னா செடி அழுகிடும். அதான் ஓட்டையை யாரும் தொடல."

"எட்டு மூலை!" வில்ஃப் தன்னை மறந்து கூவினார். "துரை வீட்டுத் தளத்துல எட்டு மூலைத் தடம் இருக்கு! புது மண்தொட்டிக்குக் கீழே! நான் என் கண்ணால பார்த்தேன், மேஜைன்னு நினைச்சேன், நான் ஒரு கழுதை!"

"டேப்பைக் கொண்டுபோய் அளந்து பார்க்கலாம்," என்றாள் டார்கஸ். "இந்த வகைத் தொட்டி நம்ம மாவட்டத்துல நிறைய உண்டு. ஒரே கல்குவாரியில செதுக்கிப் படகுல அனுப்பினது. உங்க வயல்ல இடிஞ்சு கெடக்கிற பழைய கோவில்ல இருந்து உங்க பாட்டனாரோ யாரோ இதை எடுத்துட்டு வந்து லாவெண்டர் வச்சிருப்பாங்க. ஹெட்டி ஊர்ல இல்லாதப்போ, செடியை மாத்திட்டு, டிராக்டர்ல பத்து நிமிஷ வேலை. நீங்களே சொன்ன கணக்கு."

முழுக் கோவிலும் இரைச்சலிட்டது. சர் பியர்ஸின் கழுத்தில் சிவப்பு ஏறியது. ஆனால் குரல் உடையவில்லை. "சரி. இது வேற தொட்டின்னே வச்சுக்குவோம். அப்போ இந்தக் கோவில் தொட்டி எங்க? ஆமோஸ் லார்வுட் சாவி வச்சிருந்தான். தொட்டி போயிடுச்சு. அவன் திருடலன்னு இன்னும் யாரும் காட்டலையே. நான் கோர்ட்டுக்குப் போவேன். அந்தம்மாவால அங்கெல்லாம் வர முடியுமா?"

இரைச்சல் அடங்கியது. அந்த ஆள் சொன்னதில் நியாயம் இல்லை. ஆனால் பலம் இருந்தது. ஹெட்டி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

டார்கஸ் அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க சம்மதிச்சாத்தான் நோட்டைப் படிப்பேன்."

 ஹெட்டி தானே நடந்து முன்னால் வந்து, நோட்டைத் திறந்து, அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள். 'சீமாட்டிக்குத் தெரியக்கூடாது' என்ற இடத்தில் கூட்டத்தில் பலர் மூச்சை இழுத்தார்கள்.

"மத்த எல்லாக் குழிக்கும் கல்லறைத் தோட்டத்து வரிசை எண் இருக்கு. இதுக்கு மட்டும் இல்ல," என்றாள் டார்கஸ். "ஏன்னா இது தோட்டத்துல வெட்டினது இல்ல. நாலுக்கு நாலு சதுரம். எந்த மனுஷனையும் சதுரமாப் பொதைக்க மாட்டாங்க. சிசுவுக்கு அவ்வளவு பெருசு தேவையும் இல்ல. வில்ஃப், அந்தப் பளிங்குத் தொட்டியில என்ன தேதி வெட்டியிருக்கு?"

வில்ஃப் மூன்று படி ஏறிப் படித்தார். "1868 மார்ச் 22. மகன் நினைவாக சீமாட்டி ஓல்ட்ரிங் அளித்தது."

"குழி வெட்டிப் பதிமூணு நாள் கழிச்சு. பழைய தொட்டியை உடைச்சுப் பாதைக்குப் போடச் சொல்லியிருப்பாங்க சீமாட்டி. இது என் ஊகம்தான். ஆனா புனித நீர் இருந்த கல்லை உடைக்கக்கூடாது, புதைக்கணும். பெரும்பாலும் புதுத் தொட்டிக்கு நேர் கீழே. அந்த மூணு படி மேடை குழியை மூடத்தான். குருவானவர் கிரெஸ்வெல்லுக்கு அது தெரியும். சீமாட்டியை எதிர்க்கத்தான் தைரியம் இல்ல. ஊர் கேட்டப்போ உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்ல. சத்தியம் பண்ணினவர் வாயைத் திறக்கல. திருடன் பட்டத்தைச் சுமந்துக்கிட்டு, தான் புதைச்ச இடத்துக்கு மேலயே இருபத்திரெண்டு வருஷம் பெருக்கினார்."

"ஊகம்!" என்றார் சர் பியர்ஸ். "தரையைத் தோண்ட பிஷப் அனுமதி வேணும். வருஷக்கணக்காகும்."

"தோண்டப் போறதில்லையே. வில்ஃப்!"

வில்ஃப் பளிங்குத் தொட்டியின் அடைப்பானை எடுத்து, கேமராவின் கம்பியைத் துளைக்குள் விட்டார்.  சாதாரணமாக நாலடியில், தரைமட்டத்தில், மண் தட்டும். நாலடி போயிற்று, ஈரக் குழாய்ச் சுவர். ஐந்தடி; வெறும் இருட்டு. திரையைச் சுற்றித் தலைகள் நெருங்கின.  ஐந்தரை அடியில் குழாய் முடிந்து, வெளிச்சம் சட்டென்று விரிந்தது.

உள்ளே ஒரு வெற்றிடம். எட்டு மூலையுள்ள கல் விளிம்பு. விளிம்பின் இரண்டு பக்கமும் துருப்பிடித்த பூட்டு இரும்பின் மிச்சங்கள். உட்புறம் ஈயத் தகடு, ஒரு பெரிய கிண்ணத்தைப் போல. அதன் நடுவில் இன்னொரு துளை. மேலேயிருந்து ஒரு சொட்டு விழுந்து, ஈயத்தில் உருண்டு, அந்தத் துளைக்குள் போயிற்று.

குருவானவர் பிரிஜெட் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் ஞானஸ்நானம் குடுத்த ஒவ்வொரு புள்ளையோட தண்ணியும்..."

"எல்லாமே பழைய தொட்டி வழியாத்தான் மண்ணுக்குப் போயிருக்கு," என்றாள் டார்கஸ்.

கமிட்டி ஆறு பேரும் கை தூக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புகார் தள்ளுபடி. வீடு ஹெட்டிக்கு. பொய்ப் புகாரைப் போலீசுக்கு அனுப்புவது என்றும் அதே மூச்சில் முடிவாயிற்று.

சர் பியர்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டு ஹெட்டியிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "மிஸ் லார்வுட், தப்பு நடந்துபோச்சு. நாம தனியா உக்காந்து பேசி, உங்க மனசுக்குத் திருப்தியா..."

"தனியாவா?" ஹெட்டி வாசலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "திருடன்னு தனியாவா சொன்னீங்க? உங்க தாத்தா சொன்னார், உங்க அப்பா சொன்னார், ஸ்கூல்ல என்னைப் பார்த்து நீங்களே சொன்னீங்க. எல்லாம் நாலு பேர் முன்னாடிதான். இதையும் அப்படியே சொல்லுங்க. பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

அவர் குருவானவரைப் பார்த்தார். பிரிஜெட் வழிவிடச் சொல்லவில்லை. கமிட்டியைப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்: "ஆமோஸ் லார்வுட் திருடவில்லை."

"பின்னாடி கேக்கல!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

சர் பியர்ஸ் நிமிர்ந்தார். கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"இன்னும் கேக்கல, துரை!"

இந்த முறை குரல் ஒன்றல்ல.